கூடை இறங்கும் முன்னே

"கதவைத் திறய்யா! உள்ளதான் இருக்கீருன்னு தெரியும், திற!"

கண்ணகி நகரில் அந்த நாலாவது மாடியில் நான் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கூட அண்ணாந்து பார்த்தாள். நான் தட்டிய கதவு மட்டும் திறக்கவில்லை. காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

கடைசியில் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். லுங்கி, பனியன். கழுத்தைச் சுற்றி, பட்டை அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன தழும்பு. முன்பல் ஒன்று இல்லை.

"இன்னாம்மா, செருப்பால அடிக்கப் போறியா? அடி. அடிச்சிட்டுப் போய்க்கினே இரு. ஆனா கத்தாத. எம் பொண்டாட்டி நைட் டூட்டி பாத்துட்டு இப்பதான் படுத்துக்கினா."

"நீங்கதான முனிரத்தினம்?"

"ஆமா."

"சகாயராஜ்னு என் வீட்டுக்காரர். இதய வால்வு போச்சு. இந்த வாரத்துக்குள்ள மாத்தலைன்னா ஆள் தங்கமாட்டார்ங்காரு டாக்டர். அவரு ஃபைலை ரெண்டு தடவை 'இல்லை'ன்னு தள்ளியிருக்கீரு. ரெண்டு தடவையும் உம்ம பேருதான் போட்டிருக்கு. நீரெல்லாம் ஒரு மனுசனா? என்னத்தைப் படிச்சுக் கிழிச்சீரு?"

மரியாதையும் மரியாதைக்குறைவும் என் வாயில் குழம்பிப் போயிருந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது வருடமாகியும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சுதான் முதலில் வருகிறது.

இந்த நாற்காலி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தை இயந்திரம் மறுக்கக்கூடாது, ஒரு மனிதர் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், முடிவில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். நல்ல சட்டத்தை என்ன செய்வார்கள் நம் ஆட்கள்? ஆட்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் பட்டையை மாட்டினார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனி ஃபைல் வரிசை. ஃபைல் வந்தால் ஆள் விழிப்பார். படிப்பார். 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்பார். சொன்னவுடன் பட்டை அவரை நிறுத்திவிடும். மூச்சு மட்டும் ஓடும், நினைப்பு ஓடாது. அடுத்த ஃபைல் வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நடுவில் மூன்று மணி நேரம் போயிருந்தாலும் அவருக்குக் கண் இமைத்த மாதிரிதான் இருக்கும். நின்ற நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. அந்தக் கம்பெனியில்தான் நான் எட்டு மாதமாக இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுகிறேன். என் வேலையின் பேரில்தான் சகாயத்துக்குக் காப்பீடு. மூன்று முறை மறுத்துவிட்டால் ஃபைலை நிரந்தரமாக மூடிவிடுவார்கள் என்பது விதி. அவருக்கு மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு.

முனிரத்தினம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வால்வு ஃபைலா? நான் பாக்கவே இல்லியே."

"பொய் சொல்லாதேயும்!"

"யார்கிட்டம்மா பொய்யின்ற?" அவருக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாற்காலில குந்தினவனுக்கு வேற நெனப்பே கெடையாது. பாத்த ஃபைலு ஒண்ணொண்ணும் கண்ணுலயே நிக்கும். இந்தப் பல்லு எப்டிப் போச்சு தெரியுமா? கன்னியப்பன்னு ஒருத்தன், காசிமேட்டு ஆளு. அவன் பொண்டாட்டி ஃபைலை நான் தள்ளிட்டேன்னு வந்து வுட்டான் ஒண்ணு. அத்தயும் நான் பாக்கல. சத்தியமா பாக்கல. சொன்னா எவன் நம்புறான்?"

"அப்ப என்னைக்கு, எதைத்தான் பாத்தீரு? செவ்வாய்க்கிழமை காலையில முதல் ஃபைல் எங்க வீட்டுக்காரருதுதான். நானே தள்ளி முன்னால போட்டேன்."

ஆமாம், போட்டேன். கம்பெனிக்குள் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாமல் இருப்பேனா? மிக அவசரம் என்று குறித்து வரிசையின் தலையில் வைத்தேன், இரண்டு முறையும்.

"செவ்வாக்கெழமையா? காலீல போனதும் மொதல்ல டூப்பு ஃபைலு காட்டுவாங்க, மிசினு வேல செய்யுதான்னு பாக்க. யானைக்குப் பல்வலின்னு போட்டிருக்கும். தெனம் அதே யானைதான். 'இல்லை'ன்னுவோம். அப்புறம் வந்தது பாம்பு கடிச்ச பொண்ணு, திருத்தணிப் பக்கம். அதுக்கப்புறம் ஒரு கெழவர், ஈரலு. உன் வீட்டுக்காரர் வர்லம்மா."

என் கையிலிருந்த செருப்பு தானாகக் கீழே இறங்கியது. யானைக்குப் பல்வலி. இல்லை. அடுத்தது பாம்புக்கடி. நடுவில் சகாயம் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு? தண்ணி வேணுமா?"

"அண்ணே, எங்க தொழில்ல கோரூட்டீன்னு ஒண்ணு இருக்கு. பாதியில நின்னு நின்னு ஓடுற நிரல். நிக்கிற இடத்துல ஒரு பதிலை வெளிய குடுக்கும், அடுத்த கேள்வியை உள்ள வாங்கிக்கிட்டுத் திரும்ப ஓடும். உங்களை அப்படித்தான் ஓட்டுறாங்க."

"சரி."

"அது முதல் தடவை கிளம்பும்போது இன்னும் எங்கேயும் நின்னிருக்காது. வாங்கிக்கக் கை நீட்டியிருக்காது. அப்ப எதைக் குடுத்தாலும் கீழதான் விழும்."

அவருக்குப் பிடிபடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் கீழே கீரைக்காரி குரல் கொடுத்தாள். மூன்றாவது மாடியிலிருந்து யாரோ கயிற்றில் கூடையை இறக்கினார்கள்.

"அங்க பாருங்க. கூடை இறங்குறதுக்கு முன்னாலயே அவ கீரைக்கட்டைப் போட்டா?"

"சாக்கடைலதான் வுழும்."

"அதான். அதனால முதல்ல ஒண்ணுமே போடாம, காலியா ஒரு தடவை கூடையை இறக்கச் சொல்லணும். நீங்க யானைக்குச் சொன்ன 'இல்லை' அந்தக் கூடையில வரும், அதை எடுத்து வீசிடணும். அப்புறம்தான் நிஜ ஃபைலைப் போடணும். இவனுங்க அந்தக் காலித் தடவையை விட்டுட்டானுங்க. முதல் ஃபைல் சாக்கடையில விழுது. யானைக்குச் சொன்ன பதிலை எடுத்து அதுக்கு ஒட்டிடுறானுங்க."

முனிரத்தினம் எட்டிக் கூடையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மொத ஃபைலா எத்த வைப்பாங்க?"

"ரொம்ப அவசரமானதை."

"த்தூ," என்றார் அவர்.

*

எங்கள் மேலாளர் இளஞ்செழியனின் அறைக்குள் நான் தட்டாமல் நுழைந்தேன். நாகரிகமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே எனக்கு எரிச்சல்.

நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக் கேட்டார். அதிர்ச்சியே இல்லை அந்த முகத்தில்.

"உட்காருங்க அமலோற்பவம். உங்களுக்கு யாரும் சொல்லலையா? நான் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"எதை சார்?"

"முதல் ஃபைலைப் பத்தி. நிரல் எழுதுற ஃப்ளோர்ல எல்லாருக்கும் தெரியுமே. பிள்ளையார் சுழின்னு பேரு வெச்சிருக்காங்க. காகிதத்துல முதல்ல சுழி போடுற மாதிரி, அது சாமிக்கு. கணக்குல வராது. நம்ம ஆளுங்க யாருடைய ஃபைலும் முதல்ல போகாது. ரெண்டாவதா வைப்பாங்க."

நேற்று மத்தியானம்கூட என்னோடு டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்கள். சகாயத்துக்கு எப்படி இருக்கு என்று தினமும் கேட்டவர்கள். அவர் ஃபைலை முதலில் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது தயிர்சாதத்தைக் குனிந்து பிசைந்தவர்கள். யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருக்கலாமே, பாவிகளா!

"அது ஒரே ஒரு வரி சார். அந்தக் காலித் தடவையைத் திரும்பப் போட்டா முடிஞ்சுது. யாரு எடுத்தது?"

"நான்தான். ஒவ்வொரு நாற்காலிக்கும் காலையில நேரம் வீணாச்சு. பின்னாலதான் விளைவு தெரிஞ்சது. இப்ப மாத்தினா, ஏன் மாத்துறீங்கன்னு காப்பீட்டு ஆணையம் கேக்கும். இத்தனை வருஷம் முதல் ஃபைலை மனிதர் யாரும் படிக்கலைன்னு எழுதிக் குடுக்கணும். கம்பெனியே இருக்காது. உங்க வேலை, உங்க வீட்டுக்காரர் காப்பீடு, எதுவும் இருக்காது." அவர் முன்னால் சாய்ந்தார். "நாளைக்கு ரெண்டாவதா வைங்க. ஆபரேஷன் நடக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதானே?"

"முதல்ல யாரு போவாங்க?"

"யாரோ."

அந்த மேசையில் இருந்த கண்ணாடி விநாயகரை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் என்று கை துடித்தது. போடவில்லை. கதவை மட்டும் அறைந்து சாத்தினேன்.

*

சகாயம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிற மனிதர். ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் வளைக்கிறவர். இப்போது ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்கினார். முழுவதையும் சொன்னேன்.

"எனக்கு முன்னால... யாருட்டி நிக்கா?"

"யாரோ ஒருத்தி. வரிசையில பாத்தேன், செய்யூர்க்காரி. பிள்ளை பெத்து ரத்தப்போக்கு நிக்கல."

"அவளைத் தள்ளிவிட்டுட்டு நான் போவணுமா?"

"நான் ஒண்ணும் தள்ளல! அவ ஏற்கெனவே முதல்லதான் நிக்கா! உம்மை ரெண்டாவதா வெச்சா போதும். நான் ஒருத்தி நாயா அலையுதேன், நீரு நியாயம் பேசுதீரு. வாயை மூடிட்டுப் படும்!"

அவர் படுத்துக்கொண்டார். கண்ணை மூடியபடியே சொன்னார்:

"ஆஸ்பத்திரிக் கஞ்சி நாக்குல வைக்க முடியல. கருவாட்டுக் குழம்பு ஒரு வாய் கெடச்சா..."

"உப்பே ஆகாதுன்னு சொல்லியிருக்கு. கருவாடாம் கருவாடு!"

திட்டிவிட்டு வெளியே வந்தேன். நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். ஊழியர் என்ற முறையில் என் பெயரிலும் எனக்குக் காப்பீடு உண்டு. புது விண்ணப்பம் ஒன்றை எடுத்தேன். நோயாளி பெயர்: அமலோற்பவம். நோய் விவரம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்:

"நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசவும். சின்ன வெங்காயம், பூண்டு, கத்திரிக்காய் வதக்கிப் புளி கரைத்து ஊற்றவும். கொதி வந்தபின் கருவாட்டைப் போடவும். முன்னால் போட்டால் கரைந்துவிடும்."

மிக அவசரம் என்று குறித்தேன். மறுநாள் காலை வரிசையின் தலையில் வைத்தேன். அதன் பின்னால் செய்யூர்க்காரி. அவளுக்குப் பின்னால் சகாயம்.

*

காலை பத்து மணிக்குள் மூன்று பதிலும் வந்துவிட்டன. செய்யூர்க்காரிக்கு ஆமாம். சகாயத்துக்கு ஆமாம். எனக்கு வந்தது இது:

"தகுதி பெற்ற மனிதர் ஒருவர் தங்கள் விண்ணப்பத்தை முழுமையாகப் படித்து, மருத்துவக் காரணங்களால் மறுத்துள்ளார். தீர்மானித்தவர்: கே. முனிரத்தினம்."

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. அதே பதிலை எங்கள் ஃப்ளோரில் இருக்கும் எல்லோருக்கும், நாற்காலிக்காரர்களுக்கும் கருவாட்டுக் குழம்புக் குறிப்போடு சேர்த்து அனுப்பிவைத்தேன். ஆணையத்துக்கும் ஒன்று.

அரை மணி நேரத்தில் இளஞ்செழியன் அறையில் நின்றேன். முனிரத்தினத்தையும் நாற்காலியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் தடவையாக அந்த மேலாளரின் நெற்றியில் வியர்வை பார்த்தேன்.

"ஆணையத்துல இருந்து போன் வந்தாச்சு. இதுக்கு ஒரே வழிதான்." அவர் முனிரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சீங்க. கருவாடு, கத்திரிக்கா எல்லாம் படிச்சீங்க. படிச்சிட்டுத்தான் மறுத்தீங்க. காரணத்தை மாத்திச் சொல்லிட்டீங்க. அவ்வளவுதான். சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்."

"நான் படிக்கலியே சார்."

"படிக்கலைன்னா அந்த ஷிப்ட்டே செல்லாது. இன்னைக்கு நீங்க சொன்ன எல்லா பதிலும் செல்லாது." குரல் பழையபடி மெதுவாக ஆனது. என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்குச் சொன்ன 'ஆமாம்' உட்பட. மத்தியானம் தியேட்டருக்குள்ள கொண்டுபோறாங்க இல்ல? இப்பவே நிறுத்தச் சொல்லிடலாமா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். பொய் சொல்லுங்கண்ணே என்று என் கண் கெஞ்சியிருக்கும். கெஞ்சியதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். என் புருஷன் மூச்சு அது.

"செல்லாதா?" என்றார் முனிரத்தினம் நிதானமாக. "சரி, செல்லாதுன்னே எழுதிக்கோ. திருப்பிப் போடு எல்லா ஃபைலையும். நான் திருப்பிப் படிக்கறேன். படிச்சவன் நான்தானே? எத்தினி தபா கேட்டாலும் அந்த வால்வுக்கு நான் 'ஆமா'ன்னுதான் சொல்வேன். இந்தம்மாவுக்காவ இல்ல. அந்த ஃபைலு அப்டி. ஆனா காலிக் கூடை மொதல்ல எறங்கணும். எறங்காம குந்த மாட்டேன்."

"நீங்க இல்லைன்னா வேற ஆள் உட்காருவான்."

"போய் ஹால்ல பாரு சார். எவன் குந்திக்கினு கீறான்னு."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். நாற்காலிகள் அத்தனையும் காலி. பட்டைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அடுத்த ஃபைலுக்கு விழித்தவர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியில் நான் அனுப்பிய குழம்பைப் படித்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நோயாளியின் வீட்டாரிடம், பார்க்காத ஃபைலுக்காக வசவு வாங்கியவர்கள்தான். மனிதர் உட்காராமல் ஒரு மறுப்பையும் அனுப்ப முடியாது, ஒரு ஒப்புதலையும் அனுப்ப முடியாது. சட்டம் அப்படி.

இளஞ்செழியன் அந்த ஷிப்டைச் செல்லாது என்று பதிந்துவிட்டு, வெகுநேரம் தொலைபேசியில் யார் யாருடனோ பேசினார். மணி பன்னிரண்டைத் தாண்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு இரண்டு முறை அழைப்பு வந்தது. ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டதாகக் காட்டுகிறதாம், ஆளை உள்ளே கொண்டுபோகலாமா வேண்டாமா என்று கேட்டார்கள். காத்திருங்கள் என்றேன். காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, சொன்னேன்.

கடைசியில் அவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அந்த வரியைப் போடுங்க."

போட்டேன். எழுத்து பிசகவில்லை. நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒன்றுமே இல்லாத கூடை இறங்கியது. யானைகளுக்கான 'இல்லை' வரிசையாக வந்தது. அத்தனையையும் வீசினேன்.

வரிசை புதிதாகத் திரண்டது. அவசரத்தின்படி சகாயம் பதினோராவதாக நின்றார். சுட்டியை ஒரு இழு இழுத்தால் மூன்றாவதாக வைத்திருக்கலாம். அந்த வேலையில் நான் கைதேர்ந்தவள் ஆயிற்றே. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்பது. பத்து. பத்தாவது ஃபைலைப் படிக்க முனிரத்தினம் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவரைக் கண்டபடி மனசுக்குள் திட்டினேன்.

ஆமாம்.

*

சகாயம் இப்போது லாரி ஓட்டவில்லை, ஆனால் சத்தமாகச் சண்டை போடுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது. ஆணையம் விசாரணை நடத்துகிறது. விசாரணை முடியும்வரை இளஞ்செழியன் அதே அறையில் அதே விநாயகரோடு இருக்கிறார். பழைய முதல் ஃபைல்களையெல்லாம் திரும்பப் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவை மொத்தம் எத்தனை என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் எனக்கு மறுபடி செருப்பைக் கழற்றத் தோன்றும்.

ஒரு ஃபைலை மட்டும் முனிரத்தினம் கேட்டு வாங்கினார். காசிமேடு, கன்னியப்பன் மனைவி தெய்வானை. படித்தார். மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். 'ஆமாம்' என்றார். அந்தப் பதிலை அஞ்சலில் அனுப்ப விடவில்லை.

"நானே குடுக்கறேன். நீயும் வா."

வலை காயும் சந்தில் வீடு. கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினத்தைக் கண்டதும் எழுந்தார், கை முஷ்டியானது. முனிரத்தினம் காகிதத்தை நீட்டினார். அவர் வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"அவ போய் வருசம் ஒண்ணாவுது. இப்ப இன்னாத்துக்கு இது?"

"அன்னிக்கு இத்த நான் பாக்கல. பாத்திருந்தா இதான் சொல்லியிருப்பேன். அத்தச் சொல்லத்தான் வந்தேன்."

நான்தான் விளக்கினேன். கூடையை, யானையை, பிள்ளையார் சுழியை. முடித்ததும் கன்னியப்பன் முனிரத்தினத்தின் வாயைப் பார்த்தார்.

"அந்தப் பல்லு..."

"வுடு. நீ அடிச்சது சரிதான். ஆளுதான் தப்பு."

கன்னியப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப சரியான ஆளு யாரு?"

நான் கம்பெனி பெயரைச் சொன்னேன். மாடியைச் சொன்னேன். லிஃப்டிலிருந்து இறங்கியதும் இடது பக்கம் மூன்றாவது கதவு, தட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.